முன்பனியும் முகப்பருவும்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த பழந்தமிழர், மார்கழி தை என்னும் இரு திங்களையும் முன்பனி என வழங்கினர். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் எமக்கு இப்பெயர் தொல்காப்பியப் பாடத்தில் அறிமுகமாயிற்று. ஆனால் அதன் பொருள் விளங்கியது விடுதியின் குழாயடியிலேயாம். விடியற்காலை ஐந்து மணிக்கு, மலையடிவாரத்திலிருந்து வரும் காற்று முதுகைத் தீண்ட, ஒரு கையில் வாளியும் ஒரு கையிற் சோப்பும் ஏந்தி நிற்கும் மாணாக்கர் கூட்டத்தைக் கண்டவர்கள் யாம் சொல்வதை எளிதில் உணர்வர். உதடுகள் வெடிக்கின்றன, கன்னங்கள் பசையிட்டு இழுத்தாற்போல் இறுகுகின்றன, முழங்காலிலும் முழங்கையிலும் சாம்பல் பூத்தாற்போல வெண்மை படர்கின்றது. இத்துணை வறட்சியின் நடுவிலும், நெற்றியிலும் மோவாயிலும் பருக்கள் மட்டும் ஒரு சிறிதும் வாடாமற் செழித்து நிற்கின்றன. வறண்ட நிலத்தில் இப்பயிர் மட்டும் எங்ஙனம் விளைகின்றது என்று வியவாத மாணாக்கர் எம் விடுதியில் இலர்.

கலாசாலைச் சஞ்சிகையின் தமிழ்ப் பகுதியிற் பருவைப் பற்றி எழுதுவதா என்று அன்பர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். காப்பியச் சுவையும் கவிநயமும் பேசவேண்டிய இடத்திற் கன்னத்துப் புள்ளியைப் பேசுதல் தகுமோ என்பர். யாம் அவர்க்குக் கூறும் விடை இது: பருவத்தில் வருவது பரு என்று பாட்டிமார் சொற்பொருள் விரிப்பர். அச்சொல்லாராய்ச்சி இலக்கணத்திற்கு ஏற்குமோ ஏலாதோ, உண்மைக்கு ஏற்கும். பன்னிரண்டு வயதிற்கும் இருபத்துநான்கு வயதிற்கும் இடைப்பட்டோரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினரை ஏதேனும் ஓரளவிற் பரு தொடுகின்றது என மருத்துவ நூல்கள் கூறும். இச்சஞ்சிகையைப் படிக்கும் மாணாக்கருள் மிகப் பெரும்பாலார்க்கு உரிய செய்தி ஒன்றைத் தமிழிற் பேசலாகாது எனின், வேறு எதனைப் பேசுவது?

எம்மை எழுதத் தூண்டியது ஒரு நிகழ்ச்சி. சென்ற டிசம்பர்த் திங்களில், விடுமுறைக்கு முன்னர், பாடகர் குழுவினரை நிழற்படம் எடுத்தார்கள். குழுவிலேயே ஆழ்ந்த குரலுடையவர் எம் விடுதி நண்பர் ஒருவர், நீலகிரியினர். அன்று அவர் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார். மாலையில் யாம் அவர் அறைக்குச் சென்றபோது காய்ச்சல் ஏதுமில்லை. விளக்கேற்றாத அறையில், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார். அவருடைய கன்னங்கள் இரண்டும் சிவந்து, தோலுரிந்து, பருக்கள் மலிந்து கிடந்தன. இரண்டு திங்களுக்கு முன் அவர் முகத்தில் இருந்தவை ஏழெட்டுப் பருக்களே. அவற்றை அவ்வளவு பெருக்கியது நோயன்று. நோயைத் தீர்க்க அவரும் அவருக்கு அறிவுரை கூறிய நாமும் செய்த செயல்களே. அன்று முதல் இதனை ஆராயத் தொடங்கினோம். எம் கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகின்றோம்: பருவுடையார் பனிக்காலத்தில் தம் தோலைப் பகையெனக் கருதித் தண்டித்தல் தகாது; நலிந்த உறுப்பெனக் கருதிப் பேணுதலே தக்கது; பேணும் முறையை அறிவித்தல் கலாசாலையின் கடமைகளுள் ஒன்றாகும்.

முதற்கண் பரு என்பது யாது என்று காண்போம். நம் தோலில் உள்ள மயிர்க்கால் ஒவ்வொன்றையும் ஒட்டி ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. இளமை தோன்றும் காலத்து உடலில் மிகும் ஆண்ட்ரோஜன் என்னும் சுரப்புநீர், ஆடவர் மகளிர் என்னும் வேறுபாடின்றி இருபாலாரிடத்தும், அச்சுரப்பியைத் தூண்டுகின்றது. எண்ணெய் மிகுகின்றது. அதே காலத்தில் மயிர்க்காலின் வாயில் உதிரவேண்டிய தோற்செதில்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டி வாயை அடைக்கின்றன. அடைபட்ட அறையில், எல்லார் தோலிலும் இயல்பாகவே வாழும் நுண்ணுயிர் ஒன்று பெருகுகின்றது. 2016-ஆம் ஆண்டு முதல் அதற்குக் கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்னும் பெயர் வழங்கிவருகின்றது. உடல் அதனை எதிர்த்துப் போராட, சிவப்பும் வீக்கமும் சீழும் தோன்றுகின்றன. இந்நான்கும் கூடியதே பரு.

இவ்வரலாற்றில் அழுக்கு என்னும் சொல் ஓரிடத்தும் வரவில்லை என்பதை அன்பர்கள் கருதுக. மூக்கின்மேற் காணும் கரும்புள்ளியுங்கூட அழுக்கன்று. வாய் திறந்த மயிர்க்காலில் அடைந்துள்ள பொருளில் மெலனின் என்னும் நிறமியுண்டு. அது காற்றுப்பட்டுக் கறுத்து நிற்கின்றது, அவ்வளவே. ஆகவே, முகத்தைக் கழுவாததால் வந்தது, சோம்பலால் வந்தது, தீய நினைவால் வந்தது என்பன யாவும் அடிப்படையில்லாத பழிச்சொற்கள். எம் நண்பர் ஒரு நாளில் ஏழு முறை முகங் கழுவியவர். அவரை நோக்கி முகத்தை நன்றாகக் கழுவு என்று அறிவுரை கூறாதவர் எம் விடுதியில் இல்லை. அக்கூட்டத்தில் யாமும் ஒருவரே என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றோம்.

இனி முன்பனிக்கு வருவோம். பனி பெய்யும் காலம் ஈரமான காலமன்றோ, தோல் வறள்வது ஏன் என்று யாமும் ஐயுற்றோம். பௌதிக வகுப்பு நண்பர் ஒருவர் ஐயத்தை நீக்கினார். 15 பாகை வெப்பமுள்ள காற்று, ஒரு கனமீட்டருக்குச் சுமார் 13 கிராம் நீராவியையே தாங்கவல்லது; 30 பாகை வெப்பமுள்ள காற்றோ சுமார் 30 கிராம் தாங்கும். விடியலில் நிறைந்து பனியாகச் சொட்டிய அதே காற்று, நண்பகலில் வெயிலேறிச் சூடானபின் பாதியும் நிறையாத காற்றாகிவிடுகின்றது. நிறையாத காற்று எங்கே நீர் கிடைக்குமென்று தேடும். ஈரத் துணியிலிருந்தும் எடுக்கும். நம் முகத்திலிருந்தும் எடுக்கும்.

முகத்து நீரைக் காப்பது தோலின் மேலடுக்கு. அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒன்று அல்லது இரண்டு பங்கே. உயிர் நீத்த செதில்கள் செங்கற்களைப் போல் அடுக்கப்பட்டிருக்க, அவற்றிடையே கொழுப்புப் பொருள்கள் சாந்துபோல் நின்று மதிலாக்குகின்றன. சாந்து கரைந்தால் மதிலில் விரிசல் காணும். உள்ளிருக்கும் நீர் வெளியேறும். வெளியிலிருக்கும் காரப்பொருள்கள் உட்புகும். அவ்விடத்துத் தோல் சிவந்து எரியும். எரியும் தோலிற் பருவின் வீக்கமும் மிகும். மதிலின் சாந்து வேறு, சுரப்பியின் எண்ணெய் வேறு என்பதை உணர்ந்தால் புதிர் அவிழ்ந்துவிடும். எண்ணெய் வழியும் முகமே அதே வேளையில் வறண்ட முகமாகவும் இருக்கலாம். வறண்ட நிலத்தில் விளையும் அப்பயிரின் மருமம் இதுவேயாம்.

பனிக்காலத்தில் எல்லார்க்கும் பரு மிகும் என்று யாம் கூறவில்லை. கோடையின் வெயிலிலும் வியர்வையிலுமே மிகுவதாகச் சொல்வாரும் உளர். யாம் வற்புறுத்துவது வேறு. கோடையிற் பொறுத்துக்கொள்ளும் தோல், பனிக்காலத்தில் அதே சோப்பையும் அதே மருந்தையும் பொறுத்துக்கொள்வதில்லை. காலம் மாறியும் செயல் மாறாதிருப்பதே முதற் பிழை.

எம் விடுதியிற் கண்ட பிழைகளை முறையாகக் கூறுவோம். முதலாவது வெந்நீர். குளிருக்கு அஞ்சி, ஆவி பறக்கும் அண்டா நீரை முகத்திற் கொட்டிக்கொள்ளுதல் இன்பமே. ஆனால் சூடு மிகுந்த நீர் சாந்தினை விரைந்து கரைத்துவிடும். இரண்டாவது சோப்பு. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு ஐந்தையொட்டிய அமிலநிலை உடையது. துணிக்கும் உடலுக்கும் பொதுவாக வழங்கும் சோப்புக்கட்டியோ ஒன்பது அல்லது பத்து என்னும் காரநிலை உடையது. ஒரு நாளில் ஏழு முறை அதனைத் தேய்த்தால் தோல் தன்னிலைக்கு மீள்வது எப்போது? மூன்றாவது தேய்ப்பு. பீர்க்கங்கூட்டாலும், சர்க்கரைத் தூளாலும், சொரசொரப்பான துண்டாலும் பருவைத் தேய்த்து அகற்றிவிடலாம் என்று எண்ணுதல், கொப்புளத்தை அரத்தால் அராவுதற்கு ஒப்பாகும். நான்காவது அடுக்களை மருத்துவம். எலுமிச்சைச் சாறு கடும் அமிலம், பூண்டை அரைத்துக் கட்டினால் தோல் வெந்துபோதலும் உண்டு, பற்பசை பல்லுக்குரியது. ஐந்தாவது, வறட்சிக்கு அஞ்சித் தேங்காயெண்ணெயை முகத்தில் வழியப் பூசுதல். உடம்பின் பிற இடங்களுக்கு அது நன்றாயினும், பருவுடைய முகத்தில் மயிர்க்காலை அடைக்கக்கூடியது. தலைக்கு மிகுதியாகத் தடவிய எண்ணெய் நெற்றியில் இறங்கினும் அங்கே பரு அரும்பும். ஆறாவது, பனிக்கு அடக்கமாகக் கம்பளித் துணியை மோவாயில் இறுகச் சுற்றுதல். உராய்வும் வியர்வையும் சேர்ந்து பருவை வளர்ப்பதை, 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றில் முகக்கவசம் அணிந்த உலகம் முழுவதும் கண்டது.

செய்யத்தகாதன கூறினோம்; செய்யத்தக்கன கூறாதொழிதல் முறையன்று.

முகத்தைக் காலையும் மாலையும் இரு முறையும், விளையாடி வியர்த்தபின் ஒரு முறையும் கழுவினாற் போதும். நீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். காரம் குறைந்த முகக்கழுவி ஒன்றைக் கைவிரலால் மெல்லத் தடவிக் கழுவுக. துண்டால் துடைக்காது ஒற்றி எடுக்க. ஈரம் முற்றும் உலருமுன்னரே, தோலுக்கு ஈரங்காக்கும் பூச்சு ஒன்றை இடுக. எண்ணெய் வழியும் முகத்திற்கு இன்னும் ஒரு பூச்சா என்று எம் நண்பர் நகைத்தார், பலரும் நகைப்பர். யாம் மேலே கூறியபடி, பூச்சு காப்பது நீரை. அது எண்ணெயைப் பெருக்குவதன்று. கிளிசரின், செரமைடு ஆகியவை சேர்ந்ததாய், மயிர்க்காலை அடைக்காதது என்னும் பொருளில் நான் காமெடோஜெனிக் என்று பொறிக்கப்பட்டதாய் இருத்தல் நன்று. விலை மிக்கதாக வேண்டியதில்லை. வெடித்த உதட்டிற்கும் குதிகாலுக்கும் பெட்ரோலியம் ஜெல்லியினும் எளிய மருந்து இல்லை. 1872-இல் செசுபரோ என்பார் அமெரிக்காவில் உரிமம் பெற்ற அப்பொருள் இன்றும் தன் பணியிற் குறைந்திலது.

மருந்துகளுள் இரண்டனை மட்டும் ஈண்டுக் குறிப்போம். பென்சாயில் பெராக்சைடு என்பது பருவிலுள்ள நுண்ணுயிரைக் கொல்வது. அது 2.5 விழுக்காடு, 5 விழுக்காடு, 10 விழுக்காடு என்னும் அளவுகளில் வருகின்றது. பத்து பெரிதென்று கருதி அதனையே வாங்குவர் நம்மவர். 2.5 விழுக்காடு பருவைக் குறைப்பதிற் பத்திற்கு ஏறத்தாழ இணையானது, எரிச்சலோ அதனிற் குறைவு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. பனிக்காலத்தில் இச்செய்தி பெரிதும் பயன்படும். ஒன்றை மறவாதீர்: அது துணியின் சாயத்தை வெளுக்கும், தலையணையுறை வெண்மையாக இருத்தல் நலம். அடாபலீன் என்பது மயிர்க்காலின் வாய் அடைபடாமற் காப்பது. 0.1 விழுக்காடு கொண்டதை இரவில், முகம் முழுதுக்கும் ஒரு பட்டாணி அளவே இடவேண்டும். கருவுற்ற மகளிர் அதனைத் தவிர்த்தல் வேண்டும். இவற்றை மருத்துவரைக் கேட்டே தொடங்குக. பனிக்காலத்தில் எரிச்சல் தோன்றின், மருந்தை முற்றும் நிறுத்திவிடாமல், நாள்தோறும் இட்டதை ஒருநாள் விட்டு ஒருநாள் இடுதலும், முதலிற் பூச்சிட்டு அதன்மேல் மருந்திடுதலும் மருத்துவர் கூறும் வழிகளாம்.

யாவற்றினும் அரியது பொறுமை. எட்டு வாரம் முதற் பன்னிரண்டு வாரம் செல்லாமல் எம்மருந்தும் தன் பயனை முழுதும் காட்டாது. கார்த்திகையில் தொடங்கியவர் தையிற் பயன் காண்பார். நாமோ திங்கட்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை கண்ணாடி பார்த்துச் சனிக்கிழமை வேறு மருந்து வாங்குகின்றோம்! பருவைக் கிள்ளுதலும் இவ்வவசரத்தின் பிள்ளையே. நம்போல் நிறம் மிக்க தோலில், கிள்ளிய பரு போனபின்னும் அதன் கரிய சுவடு பல திங்கள் நிற்கும். பனிக்கால வெயில் இதமானது என்று கருதி அதில் நெடுநேரம் நிற்பின் அச்சுவடு இன்னும் கறுக்கும். ஆதலின் பகலில் வெயில் தடுக்கும் பூச்சும், அது இயலாதார்க்குக் குடையும் நிழலும் வேண்டும்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். பாப்புவா நியூகினியைச் சார்ந்த கிட்டாவா என்னும் தீவில் 1200 பேரை ஆராய்ந்தும் ஒருவரிடத்தும் பரு காணப்படவில்லை என 2002-ஆம் ஆண்டில் ஆய்வாளர் எழுதினர். அவர்கள் கிழங்கும் கனியும் மீனும் உண்பவர். தீட்டிய மாவும் சர்க்கரையும் அரிதாகவே உண்பவர். இரத்தத்திற் சர்க்கரையை விரைந்து ஏற்றும் உணவுகள் பருவை மிகுவிக்கக்கூடும் என்பதற்கு வேறு சான்றுகளும் உள. எனினும் குடியின் மரபும் வாழ்வின் முறையும் வேறாதலின், உணவு ஒன்றே காரணம் என்று முடிவு கட்டிவிடல் பொருந்தாது. விடுமுறைப் பலகாரங்களைக் கண்டு அஞ்சி ஓடவேண்டுவதில்லை. அளவோடு உண்டாற் போதும்.

எம் நண்பரின் கதையில் ஒரு பகுதி எஞ்சியுள்ளது. ஏழு முறை கழுவியும் பரு நீங்காமை கண்டு, அவர் ஒரு மருந்துக் கடைக்குச் சென்றார். கடையிலிருந்தவர் எவ்வித வினாவுமின்றி ஒரு சிறு குழாயை எடுத்துக் கொடுத்தார். மூன்றே நாளில் முகம் தெளிந்தது! நிறமும் வெளுத்தது! விடுதியில் அக்குழாயின் புகழ் பரவிற்று, நால்வர் வாங்கினர். மூன்று வாரங்களுக்குப் பின்னர்ப் பூசுவதை நிறுத்தியபோதுதான் அதன் உண்மைக் குணம் வெளிப்பட்டது. முகம் தீயிட்டாற்போல் எரிந்தது. பருக்கள் முன்னிலும் பன்மடங்காய்ப் படையெடுத்தன. விடுமுறைக்கு நீலகிரி சென்றார். அங்கே தைத்திங்களில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாய்ப் படிந்திருக்கும். பகலிற் காற்று தோலை உறிஞ்சும். அவர் பட்ட துன்பத்தை எழுதப் புகின் ஏடு இடங்கொடாது. பின்னரே மருத்துவர் ஒருவர் கூறினார்: குழாயில் இருந்தது ஸ்டீராய்டு கலந்த பூச்சு.

ஸ்டீராய்டு நல்ல மருந்தே. மருத்துவர் கையில், உரிய நோய்க்கு, உரிய நாள் வரையில் அது உயிர் காக்கும். பருவுக்கு அது மருந்தன்று. முதலில் வீக்கத்தை அடக்கி நலமானாற்போற் காட்டும், நாளடைவில் தோலை மெலியச் செய்யும், நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளித்தோன்றும், மயிர் முளைக்கும், விட்டாற் பரு பெருகும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்னும் பெயர்களுள் ஒன்று குழாயின்மேற் காணப்படின், மருத்துவர் எழுதித் தந்தாலன்றி அதனை முகத்தில் இடற்க. இவ்வகைப் பூச்சுகள் பலவற்றை, மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத எச் அட்டவணையில் இந்திய அரசு 2018-ஆம் ஆண்டிற் சேர்த்தது. சட்டம் உண்டு, ஆனால் சட்டம் உண்டென்பதை அறியாத மாணாக்கருக்குச் சட்டத்தாற் பயனென்ன? குழாயின் பின்புறத்துச் சிற்றெழுத்தைப் படித்தறியும் அறிவு, யாப்பருங்கலத்தைப் படித்தறியும் அறிவினுக்கு எள்ளளவும் தாழ்ந்ததன்று என்பது எம் துணிபு.

எம் கருத்தை மறுப்பார் இருவகையினர். முதல்வகையினர் பெரியோர். பருவத்தில் வரும், பருவம் போனாற் போகும், விட்டுவிடுக என்பர். பலர்க்கு அது போவது உண்மை. சிலர்க்கு முப்பது வயது கடந்தும் போகாமை அதனினும் உண்மை. போனபின்னும் குழியும் தழும்பும் நிற்பது எல்லாவற்றினும் உண்மை. வேதனை தரும் பெரும்பருக்களுக்கு 1982-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஐசோட்ரெட்டினாயின் போன்ற வலிய மருந்துகள் இன்று உள. உதட்டையும் தோலையும் பெரிதும் உலர்த்துவதாலும், கருவிலுள்ள குழவிக்குப் பெருங்கேடு செய்வதாலும் மருத்துவர் கண்காணிப்பிலேயே அது உட்கொள்ளத்தக்கது. காலத்தே மருத்துவரைக் கண்டால் தழும்பு தவிர்க்கலாம். காலம் ஆற்றும் என்று காத்திருந்தவர்க்குக் காலம் தழும்பையே தந்து செல்லும்.

இரண்டாம் வகையினர் ஒழுக்கம் பேசுவோர். முகத்தைப் பேணுதல் மேனி மினுக்கலன்றோ, மாணாக்கர் அகத்தையன்றோ பேணவேண்டும் என்பர். இவ்வுரையில் உள்ள நல்லெண்ணத்தை வணங்குகின்றோம். ஆயினும் இதனை ஏற்க இயலவில்லை. வெளுப்பதற்காகப் பூசுவது மினுக்கல். நோய் தீர்வதற்காகப் பூசுவது மருத்துவம். பல்வலிக்கு மருந்திடுவாரை எவரும் மினுக்குபவர் என்பதில்லை. மேலும் அகமும் முகமும் நாம் எண்ணுமளவு தொலைவில் இல்லை. 2018-ஆம் ஆண்டில் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வு, பரு என்று மருத்துவர் கண்டறிந்த முதல் ஆண்டில் பெரும் மனச்சோர்வு வரும் இடர், பரு இல்லாதாரினும் 63 விழுக்காடு மிகுதி என்று கூறிற்று. விளக்கேற்றாத அறையில் துண்டால் முகம் மூடியிருந்தவரைக் கண்ட எமக்கு அவ்வெண் வியப்பளிக்கவில்லை. அவருக்கு அழகின்மேல் ஆசை மிகுந்ததன்று. பிறர் கண்ணின்மேல் அச்சம் மிகுந்தது. அவ்வச்சத்தை அவருக்குக் கொடுத்தவர் நாம்.

ஆம், நாமே. அவருக்கு விடுதியில் வழங்கிய பட்டப்பெயரை ஈண்டு எழுதக் கை கூசுகின்றது. மாணவியர் விடுதியிலும் இதற்குக் குறைவில்லையென்று கேள்விப்படுகின்றோம். அங்கே பெண்ணின் முகத்தைத் திருமணச் சந்தையோடு சேர்த்து எடைபோடும் பேச்சு இதனினும் கொடியது. விளையாட்டாகச் சொன்னேன் என்று பின்னர்க் கூறுவதால், சொல்லேறுண்டவன் முகத்தைத் திறந்துவிட முடியாது.

ஆகவே யாம் கலாசாலையாரிடத்தும் தோழரிடத்தும் பணிந்து வேண்டுவன நான்கு.

ஒன்று: ஆண்டுதோறும் கார்த்திகைத் தொடக்கத்தில், பனி இறங்குமுன், தோல் மருத்துவர் ஒருவரை வரவழைத்து விடுதி மாணாக்கர்க்கு ஒரு மாலை உரையும், வேண்டுவார்க்குத் தனியே கலந்தாய்வும் ஏற்பாடு செய்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு என்பதையும், அங்கே செல்லும் வழியையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க. முகத்தில் எழுவன எல்லாம் பருவல்ல. பார்த்தறிய வல்லாரே அறிவர்.

இரண்டு: விடுதியின் மருந்தறையில், தலைவலி மாத்திரையோடு கூடக் காரம் குறைந்த முகக்கழுவியும், எளிய ஈரங்காக்கும் பூச்சும் வைத்து வாங்கிய விலைக்கே விற்க. ஏழை மாணாக்கர் நிறம் வெளுக்கும் குழாய்களைத் தேடி ஓடுவது பெரும்பாலும் நல்லது எது என்று அறியாமையாலேயே.

மூன்று: ஆசிரியப் பெருமக்களும் விடுதிக் காப்பாளரும், பருவைக் கண்டு முகங் கழுவுக என்று பலர் முன் அறிவுரை கூறுதலை அன்புகூர்ந்து விடுக. அவ்வறிவுரை பிழை; பலர் முன் கூறுதல் அதனினும் பெரும்பிழை.

நான்கு, இது நமக்கு: இவ்வாண்டு முதற் பட்டப்பெயர் வைப்பதில்லை என்று விடுதி அறைதோறும் நாமே உறுதி கொள்வோம். இதற்குப் பணம் வேண்டாம், மருத்துவர் வேண்டாம், கலாசாலையின் ஆணையும் வேண்டாம்.

எம் நண்பர் இப்போது ஓர் அரசு மருத்துவமனையில் மருத்துவம் பெற்று வருகின்றார். தோல் மெல்ல மீள்கின்றது. விரைவில் மீளும் என்று மருத்துவரும் உறுதி கூறவில்லை, அவரும் கேட்கவில்லை. இரு முறை முகங் கழுவுகின்றார், பூச்சிடுகின்றார், பொறுத்திருக்கின்றார். மீண்டும் முன்பனி வரும். மீண்டும் குழாயடியில் வாளியோடு நிற்போம். மீண்டும் டிசம்பரில் பாடகர் குழுவை நிழற்படம் எடுப்பர். அன்று அவர் முகத்திற் பரு இருக்குமோ இராதோ, யாம் அறியோம். இருப்பினும் அவர் நிற்கவேண்டிய இடம் முன்வரிசையே. அவ்விடத்தை அவருக்காக வைத்திருத்தல் மருத்துவர் செய்யக்கூடிய பணியன்று. அது நாம் செய்யவேண்டியது.